களனி கங்கையின் சின்னச் சிவப்பு மீனுக்குப் பெயர் வைத்தவர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் மாலை ஆறு மணிக்குப் பிறகு நடந்து பாருங்கள். தொடர்மாடிகளின் யன்னல்களில் தொலைக்காட்சி வெளிச்சம் தெரியும். அதற்கு நடுவே, அசையாத இளம்பச்சை வெளிச்சம் ஒன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். அது மீன்தொட்டி. கொட்டாஞ்சேனையிலும் இப்படித்தான். கிணறும் வளவும் மாடும் கோழியுமாக வாழ்ந்துவிட்டு வந்தவர்களுக்கு மூன்றாம் மாடியில் வளர்க்கக்கூடிய உயிர் என்று பார்த்தால் மீன்தான் மிஞ்சுகிறது.

அந்தத் தொட்டிகளுக்குள் அடிக்கடி காணக்கூடிய ஒரு மீனை இங்கே கடைகளில் செரி பார்ப் என்பார்கள். ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாது. யாருடனும் சண்டைக்குப் போகாது. செடிகளுக்கு இடையே நிழலில் நின்றுகொள்ளும். ஆண்மீன் இணைசேரும் காலத்தில் இரத்தச் சிவப்பாக மாறும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கான வீடுகளில் வளர்கிற இந்த மீன் சிங்கப்பூரிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வந்தது என்றுதான் இதை வாங்குபவர்களில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது இலங்கையின் மீன். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகத் தோன்றாதது. களனி கங்கை முதல் தெற்கே நில்வளா கங்கை வரையான ஈரவலயத்து ஓடைகள்தான் இதன் ஊர். 1929ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் போலஸ் எட்வேர்ட் பீரிஸ் தெரணியகல. சுருக்கமாக பி. ஈ. பி. தெரணியகல.

இந்த நாட்டின் விலங்கியலிலும் தொல்லுயிரியலிலும் அவர் பெயரைத் தவிர்த்து எதையும் எழுத முடியாது. ஆனால் தமிழில் அவரைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு.

தகப்பனின் கந்தரோடை, மகனின் ஓடைகள்

தெரணியகல 1900ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி பிறந்தார். குடும்பம் வசதியும் செல்வாக்கும் உள்ளது. தந்தை சேர் போல் ஈ. பீரிஸ் குடிசார் சேவை அதிகாரி, வரலாற்றாசிரியர். போர்த்துக்கேயர் காலத்து இலங்கை பற்றி விரிவாக எழுதியவர். யாழ்ப்பாண இராச்சியம் பற்றியும் நூல் எழுதினார். கந்தரோடையில் அகழ்வு செய்து அங்கிருந்த சின்னத் தூபிகளை முதன்முதலில் ஆய்வுலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் தோண்டிய அந்த நிலம் யாருடையது, அங்கே வணங்கியவர்கள் யார் என்ற சண்டை இன்னும் முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். தம்பிமாரில் ஒருவரான ஜஸ்ரின் தெரணியகல, 43 குழு ஓவியர்களில் முக்கியமானவர். கேகாலை மாவட்டத்து ஊர்ப்பெயரான தெரணியகலவையே பிள்ளைகள் குடும்பப்பெயராகக் கொண்டார்கள்.

படித்தது புனித தோமையர் கல்லூரியில். இன்று கல்கிசையில் இருக்கும் அந்தக் கல்லூரி 1918 வரை கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்தில் இருந்தது. களனி கங்கை கடலோடு சேர்கிற இடத்துக்குப் பக்கம். பிறகு கேம்பிரிட்ஜின் டிரினிட்டிக் கல்லூரி. அதன் பின் அமெரிக்காவில் ஹார்வர்ட். அப்படிப் படித்து வந்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் வழக்கறிஞராவார்கள், இல்லாவிட்டால் சட்டசபைக்குப் போவார்கள். இவர் மீனையும் ஆமையையும் பல்லியையும் எலும்பையும் தேடிப் போனார்.

இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த பெயர்கள்

அவர் வேலை தொடங்கியபோது இலங்கையின் மீன்களுக்குப் பெயர் வைக்கும் இடம் பெரும்பாலும் இலண்டனாகவே இருந்தது. இங்கிருந்து சாராயத்தில் ஊறவைத்து அனுப்பப்பட்ட மாதிரிகளைப் பிரித்தானிய நூதனசாலையில் ஆராய்ந்து அல்பேர்ட் குந்தர் போன்றவர்கள் பெயர் கொடுத்தார்கள். கறுப்புப் பட்டிகளோடு மாணிக்கச் சிவப்பாக மாறும் நம் இன்னொரு தொட்டி மீனுக்கு 1868இல் குந்தர் இட்ட பெயர் கறுப்புப் பட்டி என்ற பொருளுடைய இலத்தீன் சொல். ஆனால் அந்த மீனை நாளாந்தம் பார்த்த கிராமத்துச் சிங்கள மக்கள் அதை புலத் ஹபயா என்றார்கள். வெற்றிலை சப்புகிறவன் என்று அர்த்தம். சிவந்த வாயையும் சிவந்த மீனையும் சேர்த்துப் பார்த்த கண் அது. போத்தலுக்குள் சாராயத்தில் நிறமிழந்து வந்த மீனைப் பார்த்தவருக்கு அந்தக் கண் கிடைக்க வழியில்லை.

தெரணியகல உயிருள்ள மீனைப் பார்த்தார். அதைப் பிடிக்கிற ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டார். 1929இல் அவர் விவரித்த சின்னச் சிவப்பு மீனுக்கு புன்ரியஸ் தித்தேயா என்று பெயரிட்டார். இந்த வகைக் குறுமீன்களைச் சிங்களக் கிராமங்களில் தித்தயா என்பார்கள். இதற்கு லே தித்தயா என்று பெயர். லே என்றால் இரத்தம். அடுத்த ஆண்டு, 1930இல், பொன்மஞ்சள் நிறத்தில் மின்னும் இன்னொரு சிறு மீனை விவரித்தார். ஊர்க்காரர் அதை ஹல் மரத்தின் பூவோடு சேர்த்து ஹல்மல் தண்டியா என்றார்கள். அந்த மரத்தின் தாவரவியல் பெயர் வற்றேரியா. ஆகவே மீனுக்கு வற்றேரிஃபுளோரிஸ், அதாவது வற்றேரியாப் பூ என்று பெயர் வந்தது. ஊர்ப்பெயரை அப்படியே இலத்தீனுக்குள் கொண்டுபோன பெயர் அது.

1937இல் விவரித்த மீன் இன்னும் விசேடமானது. மல்புலுத்தா கிரெட்செரி. மல்புலுத்தா என்ற சிங்களப் பெயரையே ஒரு பேரினத்தின் பெயராக்கினார். கிரெட்செரி என்பது டி கிரெட்சர் என்ற பறங்கிக் குடும்பப்பெயரைச் சுமக்கிறது. அந்தப் பேரினத்தில் உலகம் முழுவதிலும் இந்த ஓர் இனம் மட்டுமே இருக்கிறது. உக்கிய இலைகள் படிந்த, மெதுவாக ஓடும் ஆழமற்ற நிழல் ஓடைகளில் வாழும். நீருக்குள் மூச்சுவிடுவதோடு மேலே வந்து காற்றையும் உறிஞ்சும். நீருக்குள் தாழ்ந்திருக்கும் இலையின் கீழ் ஆண்மீன் குமிழிகளால் கூடு கட்டி முட்டைகளைக் காவல் காக்கும்.

தொட்டிக்குள் ஒரு ஈரவலயம்

தெரணியகல விவரித்த மீன்களைப் புரிந்துகொள்ள நூல்களைவிட ஒரு தொட்டி நல்ல வழி. லே தித்தயா எங்கே வாழ்கிறது? மரநிழல் விழும், ஆழமில்லாத, மணலும் சருகும் படிந்த ஓடையில். ஆகவே தொட்டியும் அப்படி இருந்தால் அது நிறம் காட்டும். வெறும் கண்ணாடித் தொட்டியில் மேலிருந்து கடும் வெளிச்சம் அடித்தால் வெளிறி மூலையில் பதுங்கும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 54 லீற்றர் தண்ணீர் கொள்ளும். எட்டுப் பத்து தித்தயாக்களுக்கு அது போதும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் விட்டால் ஆண்கள் பெண்களைத் துரத்திக் களைக்கச் செய்ய மாட்டா. அடியில் மெல்லிய மணல், ஒரு மரவேர், சில காய்ந்த இலைகள். செடிக்கும் தூரம் போகத் தேவையில்லை. உலகெங்கும் தொட்டிகளில் நடப்படும் கிரிப்டோகொரைனி வெண்டியி என்ற செடி இலங்கைக்கே உரியது. அதே பேரினத்தின் மிகச் சிறிய செடியான பார்வாவும் இங்கத்தையதே. இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் வளரும்.

கொழும்புச் சூட்டுக்கு வெப்பமூட்டி தேவையில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் வாளியில் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றவேண்டும். கடையில் அதற்கென்று விற்கும் மருந்துத் துளியும் விடலாம். தொட்டி வைத்த அன்றே மீன் விடுவதுதான் அநேகம் பேர் செய்யும் பிழை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் பெருக நாலைந்து வாரம் ஆகும். அதன் பிறகு கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். செடி அடர்ந்த தொட்டியில் தித்தயா முட்டையும் இடும். இலைகளுக்கு இடையே தூவிவிட்டுப் போகும். பிறகு தானே அதைத் தின்றுவிடும். குஞ்சு வேண்டுமானால் பெரிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றவேண்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக் குறிப்பு மட்டுமல்ல. தொட்டி வைப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அடுத்த மாதமும் இதே இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் எதை எதையோ சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கட்டிக்கொண்டு போனார்கள். 54 லீற்றர் தண்ணீரை யாரும் கட்டிக்கொண்டு போக முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்து இருந்தவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்கள். தொட்டி வைக்கிற மனநிலை அப்போது இல்லை. இன்று யன்னலில் தெரியும் பச்சை வெளிச்சம் எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை அலங்காரம் மட்டுமல்ல.

நூதனசாலை நாற்காலி

1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைப் பல காலம் பிரித்தானிய விஞ்ஞானிகளே நிர்வகித்தார்கள். 1939இல் தெரணியகல அதன் பணிப்பாளரானார். 1963 வரை, கால் நூற்றாண்டு, அந்தப் பொறுப்பில் இருந்தார். பணிப்பாளரான அதே ஆண்டில் இலங்கையின் ஆமைகள், முதலைகள் பற்றிய பெரு நூலை வெளியிட்டார். கடலாமைகள் பற்றி அவர் எழுதியவை உலக அளவில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. 1952இல் முள்ளந்தண்டு விலங்குகளின் வண்ணப் படத்தொகுதியை ஆரம்பித்தார். முதல் பாகமே மீன்கள்தான். அடுத்த பாகங்கள் 1953இலும் 1955இலும் வந்தன.

மீனோடு நிற்கவில்லை. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் தொழிலாளர்கள் கல் தேடும்போது எலும்புகளும் பற்களும் வெளிவந்தன. பலர் கழிவாக எறிந்த அவற்றை அவர் சேகரித்தார். இந்தத் தீவில் ஒருகாலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் வாழ்ந்தன என்பது அந்த எலும்புகளிலிருந்து தெரிந்தது. குகைகளில் தோண்டி ஆதிமனிதரின் எச்சங்களைக் கண்டெடுத்தார். பலாங்கொடை மனிதன் என்று பாடப்புத்தகத்தில் நாம் படித்தது அவர் வைத்த பெயர். அந்த அகழ்வுகளை அவருடைய மகன் சிரான் தெரணியகல தொடர்ந்தார். தொல்லியல் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்த சிரான் 2021இல் காலமானார்.

பெயர்களின் பாரம்

பெயர் வைப்பது சின்ன விசயம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஊர்ப் பலகைகள் மாறியதையும் குளங்களின் பெயர் மாறியதையும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள். அந்தக் கண்ணோடு தெரணியகலவின் பெயர்ப்பட்டியலைப் படிக்கும்போது இரண்டு உணர்வுகள் வருகின்றன.

முதலாவது, மதிப்பு. ஐரோப்பியர் இட்ட பெயருக்குப் பதிலாக, மீனை அறிந்த கிராமத்தவரின் சொல்லை உலக அறிவியலுக்குள் ஏற்றியவர் அவர். இன்று பிரேசிலில் ஒரு மாணவர் எழுதும் ஆய்விலும் ஜேர்மனியில் விற்கும் தொட்டி மீனின் சீட்டிலும் தித்தேயா என்ற சொல் இருக்கிறது. ஓடையில் காலை நனைத்தவர்களின் சொல் அது.

இரண்டாவது, சங்கடம். அவர் இட்ட பெயர்களில் சிங்களத்தைக் குறிக்கும் சின்ஹலேயுஸ் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. தீவின் அழிந்துபோன சிங்கத்துக்கும் அந்தப் பெயர். நீர்யானைக்கும் அந்தப் பெயர். மனிதர் யாரும் தம்மைச் சிங்களவர் என்றோ தமிழர் என்றோ அழைத்துக்கொள்ளாத காலத்து விலங்குகள் அவை. சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டிலேயே இலங்கைச் சிறுத்தைக்கு பந்தேரா பார்டுஸ் கொட்டியா என்று பெயரிட்டார். கொட்டியா என்பது அந்த விலங்கின் சிங்களப் பெயர். அதற்கு மேல் அவர் எதையும் நினைத்திருக்கக் காரணம் இல்லை. ஆனால் பின்னாளில் சோதனைச் சாவடிகளில் எங்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல்லும் அதுவாகவே இருந்தது. வன்னிக் காடுகளிலும் அந்தச் சிறுத்தை உண்டு. அங்கே அதைத் தமிழில்தான் அழைத்தார்கள். அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள அங்கே யாரும் குறிப்புப் புத்தகத்தோடு போகவில்லை.

இதற்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. தனக்குத் தெரிந்த மொழியில், தான் நடந்த ஓடைகளில் கேட்ட பெயர்களை எழுதினார். எங்கள் பக்கத்துக் குளங்களிலும் களப்புகளிலும் வாய்க்கால்களிலும் உள்ள உயிர்களின் பெயர்களை அதே கவனத்தோடு எழுதிவைக்க ஆட்களும் காலமும் அமைதியும் வேண்டியிருந்தன. முப்பது ஆண்டுகள் அவை கிடைக்கவில்லை. குளத்துக்குப் போகும் பாதையில் மிதிவெடி இருந்தபோது மீனுக்கு யார் பெயர் கேட்பார்கள்? பெயர் தெரிந்த மூத்தவர்கள் பலர் அதற்குள் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் இன்றாவது கேட்டு எழுதலாம். தெரணியகலவின் வாழ்க்கை எங்களுக்குத் தரும் பாடம் இது என்றுதான் எனக்குப் படுகிறது.

அவர் இட்ட பெயர்கள் எல்லாம் நிலைக்கவும் இல்லை. தனி உபஇனம் என்று அவர் பிரித்த பலவற்றைப் பின்வந்தவர்கள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஹல்மல் மீனின் பேரினம் மாறிவிட்டது. குந்தரின் கறுப்புப் பட்டி மீனும் 2012இல் வேறு பேரினத்துக்குப் போனது. அந்தப் பேரினத்துக்கு இட்ட பெயர் பெத்தியா, குறுமீனைக் குறிக்கும் சிங்களச் சொல். தெரணியகல காட்டிய வழியில் இன்றும் பெயர்கள் வருகின்றன. 1929இன் புன்ரியஸ் தித்தேயாவின் பேரினமும் மாறிவிட்டது, ஆனால் தித்தேயா என்ற இனப்பெயர் அன்று வைத்தபடியே இருக்கிறது. 2029இல் அதற்கு நூறு வயது.

தொட்டியில் நிறைய, ஓடையில் குறைய

தெரணியகல 1976இல் காலமானார். இலங்கைக்கே உரிய ஓர் அரணைக்கும் ஒரு சிறு பாம்புக்கும் பின்வந்த விஞ்ஞானிகள் அவர் பெயரை இட்டார்கள். பெயர் வைத்தவருக்குக் கிடைத்த பொருத்தமான மரியாதை அது.

ஆனால் அவர் பெயர் வைத்த மீன்களின் நிலை நல்லதாக இல்லை. ஈரவலயத்துக் காடுகள் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இறப்பருக்கும் வெட்டப்பட்டன. மரநிழல் போனால் ஓடையின் தண்ணீர் சூடாகும். மண் கரைந்து வந்து சருகுப் படுக்கையை மூடும். பூச்சிகொல்லியும் சேரும். நிழலுக்குப் பழகிய குறுமீனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அலங்கார மீன் வியாபாரத்துக்காகப் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. மல்புலுத்தாவும் தித்தயாவும் இன்று அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. உள்நாட்டுக்கே உரிய சில நன்னீர் மீன்களைக் காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்யச் சட்டத்தடை உண்டு. உலகச் சந்தையில் விற்கும் செரி பார்ப்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. ஆகவே அதைக் கடையில் வாங்கி வளர்ப்பதால் ஓடைக்குக் கெடுதல் இல்லை. தொட்டி மீனைக் கொண்டுபோய் ஆற்றிலோ குளத்திலோ விடுவதுதான் கெடுதல். பண்ணை மீனோடு நோயும் போகும்.

வெளிநாட்டில் பெருகி ஊரில் அருகிப் போகும் ஓர் இனம். இதை எழுதும்போது மீனை மட்டும் நினைக்க என்னால் முடியவில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்களில் ஒருவரின் வீட்டு மூலையிலும் ஒருவேளை இந்த மீன் நீந்திக்கொண்டிருக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கொழும்பின் குழாய்களில் வருவது பெரும்பாலும் களனியின் தண்ணீர். அம்பத்தளையில் ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள். லபுகமவிலும் களட்டுவாவையிலும் அந்த ஆற்றின் கிளைகளை மறித்துத் தேக்கி எடுக்கிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வாளியில் ஒருநாள் ஆறவைத்து ஊற்றும் அந்தத் தண்ணீர், தித்தயாவின் சொந்த ஆற்றுத் தண்ணீர். எத்தனை தலைமுறையாகப் பண்ணைகளில் பிறந்து, எந்த நாட்டுப் பெட்டியில் வந்து இறங்கினாலும், அந்த மீன் ஊர்த் தண்ணீருக்குள் திரும்பி வருகிறது. இரண்டு மூன்று நாள் பதுங்கியிருக்கும். பிறகு செடிகளுக்கு இடையிலிருந்து மெல்ல வெளியே வந்து சிவக்கத் தொடங்கும்.